குச்சி முனையில ஒரு துண்டு தோல்

ஆம்பூர்ல தடுக்கி விழுந்தா தோல் மேலதான் விழணும். அப்படியாப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு, ஸ்னூக்கர் குச்சி முனையில ஒட்டுற சட்டைப் பித்தான் சைஸ் தோலுக்கு, அதாங்க 'டிப்'புக்கு, நான் மெட்ராஸ் பஸ் ஏறினேன்னா சிரிக்க மாட்டீங்க?

முதல்ல உள்ளூர்லயே முயற்சி பண்ணேன். தெரிஞ்ச டேனரி பாய் ஒரு துண்டு கொடுத்தார். வட்டமா வெட்டி ஒட்டினேன். நாலு அடியில காளான் மாதிரி விரிஞ்சிடுச்சு. "இது ஷூவுக்கு வளையணும்னே பண்ணதுப்பா. உனக்கு அழுத்திக் கெட்டிப்படுத்தின தோல் வேணும்"னார். சரிதானே. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல மிங்கோங்கற பிரெஞ்சுக்காரர் தோல் டிப்பைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அப்புறம்தான் பந்தை இஷ்டத்துக்குச் சுழல விட முடிஞ்சுது. (ஸ்னூக்கரே நம்ம நாட்டுச் சரக்குதான். 1875ல ஜபல்பூர்ல பிறந்து, அப்புறம் ஊட்டியில விதிமுறை எழுதின ஆட்டம்.)

ஆனா நான் சொல்ல வந்தது டிப்பைப் பத்தி இல்ல, மரத்தைப் பத்தி. டிப் போனா மாத்தலாம். பித்தளை ஃபெரூல் போனா மாத்தலாம். ஆஷ் மரம் தேஞ்சா தேஞ்சதுதான்.

இந்தக் குச்சி மாமா விட்டுட்டுப் போனது. அழுக்கா இருக்கேன்னு ஒரு ஆசாரிகிட்ட கொடுத்தேன். மனுஷன் கட்டில் காலு தேய்க்கிற மாதிரி உப்புத்தாளைப் போட்டு இழுத்து, மேல பளபளன்னு வார்னிஷும் அடிச்சுட்டார். பக்கத்துலயே நின்னு "சூப்பர்ணே"ன்னு சொன்னவன் நான்! வீட்டுக்கு வந்து விரலால தடவினா, மரம் உள்ள போயி ஃபெரூல் திண்ணை மாதிரி வெளிய நிக்குது. வேலூர் வெயில்ல கை வேர்த்தா வார்னிஷ்ல குச்சி வழுக்காம ஒட்டிக்கிட்டு நிக்கும், அது தனி ரோதனை.

அதனால மக்களே, டிப் மாத்துறப்போ ஃபெரூலுக்குக் கீழ மரத்துல மாஸ்கிங் டேப் சுத்திடுங்க. பழைய டிப்பை பிளேடால எடுத்து, பித்தளை மேல்பக்கத்தைச் சமமா தேய்ங்க. டிப்போட அடியைச் சொரசொரப்பாக்கி, ஒரே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ போட்டு அழுத்துங்க. அவசரப்படாம மறுநாள் ஓரம் வெட்டுங்க. மரத்துக்கு ஈரத்துணி பிழிஞ்சு ஒரு துடை, காஞ்சதும் கொஞ்சம் லின்சீட் ஆயில், அப்புறம் காய்ஞ்ச துணி. போதும். அழுக்கு கொஞ்சம் இருந்தா இருந்துட்டுப் போகுது, அது மாமா கை அழுக்கு.

எனக்கு அந்த புத்தி அன்னிக்கு இல்ல. இளைச்ச மரத்துக்குப் பொருந்த 9 எம்.எம். ஃபெரூல்தான் போட முடிஞ்சுது. மாமா ஆடினது 10.