பூவைக் கிள்ளாதீர்கள்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., தாவரவியல்)

"வெங்காயத்தை உரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை" என்று சொல்லி ஒன்றைத் தள்ளிவிடுவது நம்மவர் வழக்கம். தந்தை பெரியார்கூட வேண்டாத பேச்சுகளை 'வெங்காயம்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கியதை நாம் அறிவோம். தாவரவியல் படிக்கிறவள் என்ற முறையில் இந்த ஒன்றில் மட்டும் நான் மாறுபட வேண்டியிருக்கிறது. பொறுமையாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் அடித்தட்டும் அதன்மேல் ஒரு குருத்தும் இருக்கின்றன. நாம் உரித்துப் போட்ட செதில்களெல்லாம் அந்தக் குருத்துக்காகக் கட்டி வைத்த சோற்று மூட்டைகளே! நிலத்திலும் குளிரிலும் அதற்கு வாய்ப்புக் கிடைக்குமானால் அது தண்டாக எழுந்து பூக்கும், காய்க்கும், விதை தரும். அந்தப் பூவுக்காகப் பரிந்து பேசவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

திட்டக்குடியில் இருந்துகொண்டு வெங்காயத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நம் வட்டத்தில் நெல் உண்டு, கரும்பு உண்டு, மல்லாட்டை உண்டு, மக்காச்சோளம் உண்டு. ஆனால் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் அகரம்சீகூர். அது பெரம்பலூர் மாவட்டம். சின்ன வெங்காயத்துக்குத் தமிழ்நாட்டிலேயே பேர்போன மாவட்டம் அது. செட்டிகுளம் பக்கம் போனவர்கள், வயலோரங்களில் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வெங்காயப் பட்டறைகளைப் பார்த்திருப்பார்கள். ஆறு மாவட்ட எல்லையாக இருக்கலாம். விதைக்கிழங்குக்கு அது எல்லையாக இருந்ததில்லை. பெண் கொடுத்த வீட்டிலிருந்தும், களை பறிக்கப் போன இடத்திலிருந்தும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த வெங்காயங்கள் நம் கரையிலும் எத்தனையோ கொல்லைகளில் வளர்ந்து வந்திருக்கின்றன. எங்கள் ஆயா அப்படிக் கொண்டுவந்த ஒன்றுக்கு எந்தப் புத்தகத்திலும் பெயரில்லை. உருவில் சிறியது, இளஞ்சிவப்பு, ஒரு குத்துக்கு ஐந்தாறு பல். பழைய சோற்றுக்கு அதைக் கடித்தால் மூக்கில் நீர் வரும். எங்கள் வீட்டில் அதற்கு 'நம்ப வெங்காயம்' என்று பேர்.

இத்தகைய வீட்டு வெங்காயங்கள் எப்படி அழிகின்றன? பூச்சியாலும் நோயாலும் மட்டும் அல்ல. பெரும்பாலும் அவற்றை நாமே தின்றுவிடுகிறோம்! இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சின்ன வெங்காயத்தை நாம் கிழங்கையே விதையாக ஊன்றி வளர்க்கிறோம். ஒரு ஹெக்டேருக்கு 1,500 கிலோ விதைக்கிழங்கு வேண்டும் என்பது வேளாண்மைத் துறையினர் சொல்லும் கணக்கு. ஏக்கருக்கு 600 கிலோ. சென்ட்டுக்கு 6 கிலோ. எங்கள் அப்பா குத்தகைக்கு எடுக்கும் இருபது சென்ட்டில் வெங்காயம் ஊன்ற 120 கிலோ வேண்டும். கிலோ அறுபது ரூபாய் என்றாலும் 7,200 ரூபாய். அதுவும் நடும் நாளுக்கு முன்னே, கையில், ரொக்கமாக. பட்டறையில் விதைக்கென்று வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தச் செலவில்லை. ஆனால் அந்த விதையேதான் உணவும், அந்த உணவேதான் பணமும்! 2019 டிசம்பரில் நாடெங்கும் வெங்காய விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் தெருவில் விதைக்கென்று கட்டித் தொங்கவிட்டிருந்த கொத்துகளையெல்லாம் ஒரே வாரத்தில் இறக்கி விற்றார்கள். பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் ஆயிற்று. யாரையும் குறைகூற நமக்கு உரிமையில்லை. அடுத்த பட்டத்தில் வெளியூர்க் கிழங்கை வாங்கி ஊன்றினார்கள். அது என்ன வகை என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

விலை ஏறினால்தான் இந்தக் கேடு என்று எண்ண வேண்டாம். 2023 டிசம்பர் 8ஆம் நாள் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே மாதம் 4ஆம் நாள்தான் அது நீங்கியது. வடக்கே பெரிய வெங்காயத்தின் விலையைக் கட்டுப்படுத்துவதற்காக வந்த தடை, இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போகிற நம் சின்ன வெங்காயத்தையும் சேர்த்தே கட்டிப்போட்டது. வெங்காயம் என்றால் ஒரே வெங்காயம்தான் என்று எண்ணுகிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்! விலை ஏறினால் விதையைத் தின்கிறோம். விலை இறங்கினால் பயிரையே விடுகிறோம். இரண்டிலும் போவது கொல்லையில் இருந்த பழைய வகை.

இதற்கு ஒரு மாற்று உண்டு, அது விதை. கருப்பாய், கோணல்மாணலாய், எள்ளைவிடச் சற்றே தடித்த வெங்காய விதையை யாரும் சாம்பாரில் போடமாட்டார்கள். சந்தையில் சில்லறைக்கு விற்கவும் முடியாது. விற்கவோ தின்னவோ முடியாத பொருள் ஏழை வீட்டிலும் பத்திரமாக இருக்கும்!

"வெங்காயத்துக்கு விதை ஏது? விதையெல்லாம் பெல்லாரிக்குத்தான்" என்கிறார் எங்கள் பெரியப்பா. அவர் சொல்வது முழுவதும் தவறென்று தள்ள முடியாது. வெங்காயம் பூக்க அதன் குருத்து சில வாரங்கள் குளிரை உணர வேண்டும். நம் சமவெளியில் அந்தக் குளிர் போதுவதில்லை. ஆகவே பல வகைகள் பூப்பதே இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் மார்கழி, தைப் பனியில் ஒன்றிரண்டு செடிகள் பூத்தண்டு விடும். அப்படித் தாராளமாகப் பூத்து விதை பிடிக்கும் குணத்தைத் தேடித் தெரிவு செய்துதான் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 2001இல் 'கோ 5' என்ற சின்ன வெங்காயத்தை வெளியிட்டார்கள். இன்று அதன் விதையை நாற்றுவிட்டு நடும் உழவர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். ஆக, சின்ன வெங்காயத்துக்கு விதை உண்டு என்பதில் இனி ஐயமில்லை. நம் கொல்லை வெங்காயத்துக்கு உண்டா என்பதே கேள்வி.

பூத்தால்தானே தெரியும்? நாம்தான் பூக்க விடுவதில்லையே! பூத்தண்டைக் கண்டதும் கிள்ளிப் பொரியலில் போடுவதே நம் வீடுகளின் வழக்கம். "பூவ உட்டா கெழங்கு வத்திப்பூடும் பாப்பா, கிள்ளிப்போடு" என்பார் எங்கள் ஆயா. அவர் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. பூத்தண்டு கிழங்கின் சேமிப்பை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் கிழங்கின் கழுத்துத் தடித்துப் பட்டறையில் சீக்கிரம் அழுகுகிறது. ஆகவே வயலில் கிள்ளட்டும்; அதில் எனக்கு மறுப்பில்லை. கொல்லையில், கிணற்றடியில், துணி துவைக்கிற கல்லோரத்தில் இருக்கிற பத்துச் செடிகளையாவது விட்டுவைக்கலாம் என்பதே என் வாதம்.

சென்ற ஐப்பசியில் எங்கள் கிணற்றடியில் 60 கிழங்கு நட்டேன். ஒன்பதில்தான் பூத்தண்டு வந்தது. உள்ளே குழலாகவும் நடுவில் பருத்தும் இருக்கும் அந்தத் தண்டின் உச்சியில் மெல்லிய உறை கிழிந்து வெண்ணிறப் பந்துபோல் பூக்கள் விரியும். பாடத்தில் 'குடை மஞ்சரி' என்று படிக்கிறோமே, அதைப் படத்தில் பார்ப்பதற்கும் பல் துலக்கிக்கொண்டே பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தத் தாள்கள்; மூன்று அறைச் சூற்பை; அறைக்கு இரண்டு சூல். ஆக ஒரு பூவுக்கு ஆறு விதைக்கு மேல் இல்லை. மகரந்தம் முதலில் முதிர்ந்து உதிர்ந்த பிறகே சூல்முடி தயாராகிறது. ஆதலால் ஒரு பூ தன்னைத்தானே சேர்வது அரிது, தேனீதான் வரவேண்டும். வந்தது! எங்கள் தெருவில் இவ்வளவு தேனீ இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாசியில் சில காய்கள் வெடித்துக் கருவிதை தெரிந்தபோது தலைகளைத் தண்டோடு வெட்டி நிழலில் உலர்த்திக் கசக்கிப் புடைத்தோம். புடைத்தவர் ஆயாதான், முறம் என் கையில் நிற்காது. நம் ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்தபோது ஒன்பது கிராம் இருந்தது. கிராமுக்கு ஏறத்தாழ 250 முதல் 300 விதை. நூறு விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். பத்து நாளில் அறுபத்து மூன்று முளைத்தன. நாற்றுகளில் சில சாகும் என்று கழித்தாலும் ஏறக்குறைய அரை சென்ட் நிலத்துக்கு நாற்று ஆகும். அதே அரை சென்ட்டுக்குக் கிழங்காக ஊன்றினால் மூன்று கிலோ! கிழங்கோடு ஒட்டி வருகிற அழுகல் நோயும் நச்சுயிரிகளும் பெரும்பாலும் விதை வழியே வருவதில்லை என்பதும் ஓர் ஆதாயம்.

இனி இதிலுள்ள இடர்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விதையிலிருந்து வருகிற செடி தாயை அச்சாக ஒத்திருக்காது. கிழங்கு வழி வந்தால் நிறமும் காரமும் மாறாது. விதை வழி வந்தால் சற்று வெளுத்ததும் கறுத்ததும் கலந்து வரும். நல்லதைப் பொறுக்கி வைக்கிற கண் நமக்கு வேண்டும். அந்தக் கண் எங்கள் ஆயாவிடம் இருக்கிறது. என்னிடம் இன்னும் இல்லை. அடுத்து, வெங்காய மகரந்தம் தொலைவு போகும். சான்று விதை எடுப்பவர்கள் வேறு வெங்காய வயலிலிருந்து 500 மீட்டரும், ஆதார விதை எடுப்பவர்கள் 1,000 மீட்டரும் விலக்கி நிற்க வேண்டும் என்பது விதி. நம் தெருவில் எங்கே போவது ஆயிரம் மீட்டருக்கு! அது மட்டுமன்று. ஒன்பது செடியிலிருந்தே ஆண்டுக்காண்டு விதை எடுத்துக்கொண்டு போனால் நெருங்கிய உறவுக்குள் கலந்து கலந்து பயிர் நலிந்துவிடும். ஐம்பது, நூறு செடிகளின் விதை சேர்ந்தால்தான் வகை வலுவாக நிற்கும்.

ஆகவே தனி வீட்டால் இது ஆகாது. ஒரு தெரு சேர்ந்தால் ஆகும். பத்து வீடுகள் ஒரே வெங்காயத்தை வைத்து, வீட்டுக்குப் பத்துச் செடியைப் பூக்கவிட்டு, விதையை ஒன்றாகக் கொட்டிக் கலந்து பங்கிட்டுக்கொண்டால் எல்லாத் தேனீயும் ஒரே வகைக்குள்தான் சுற்றும். அடுத்த தெரு வேறு வகை வைக்க விரும்பினால் அவர்கள் வேறோர் ஆண்டில் பூக்க விடட்டும். சாதிக்கொரு தெருவாகப் பிரிந்து கிடக்கும் ஊரில் இது எளிதா என்று கேட்டார் ஒரு தோழி. தேனீ தெரு பார்த்துத் திரும்புவதில்லையே என்றேன். அவர் சிரித்தார்; கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

கடையில் விதைப் பொட்டலம் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்போருக்கு ஒரு வரலாறு சொல்ல விரும்புகிறேன். 1925இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவிஸ் என்னுமிடத்தில் ஹென்றி ஜோன்ஸ் என்ற அறிஞர் 'இத்தாலியச் சிவப்பு' வெங்காயத்தில் விதையே பிடிக்காத ஒரு செடியைக் கண்டார். அதன் மகரந்தம் மலடு. வேறொருவராயின் பிடுங்கி எறிந்திருப்பார். அவரோ அதன் பூக்குடையில் பூக்களிடையே முளைத்த சிறு கிழங்குகளை எடுத்து நட்டு, அந்த ஒரு செடியைக் காப்பாற்றி வைத்தார். உலகின் வீரிய ஒட்டு வெங்காய விதைத் தொழில் அந்த ஒற்றைச் செடியிலிருந்து தொடங்கியது. அதன் விளைச்சலை நான் குறைகூறவில்லை. ஆனால் ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை அடுத்த ஆண்டு அதே பயிரைத் தராது. மீண்டும் கடைக்கே போக வேண்டும். வெளிநாட்டு அறிஞர் ஒரு மலட்டுச் செடியைக் காத்தார். நாம் காய்க்கிற செடியைக் கிள்ளிப் பொரியல் செய்கிறோம்! நம் நாட்டின் 2001ஆம் ஆண்டுப் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், பெயர் முத்திரையிடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. விதையே கையில் இல்லாதவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

நம் கல்லூரிக்கு நான் வைக்கும் கோரிக்கை சிறியது. தாவரவியல் துறைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் இரண்டு சென்ட் போதும். மாணவர்கள் தத்தம் ஊரிலிருந்து பத்துப் பத்துக் கிழங்கு கொண்டுவந்தால், எந்த ஊர் வெங்காயம் பூக்கிறது, எது பூக்க மறுக்கிறது என்பதையாவது ஓராண்டில் கண்டுவிடலாம். எங்கள் வீட்டில் நான்தான் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். "படிச்சி என்னாத்த கிழிக்கப்போற?" என்று கேட்பவர்கள் உண்டு. முளைப்புத்திறன் அறுபத்து மூன்று விழுக்காடு என்று நான் சொன்னபோது பெரியப்பா ஒன்றும் பேசாமல் முடிச்சை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் ஒரு பிடி விதை வேண்டுமாம்.

சோதித்தது போக எட்டுக் கிராமுக்குச் சற்று மேல் மீதி இருக்கிறது. வெங்காய விதை சாதாரணமாக ஓராண்டுக்கு மேல் உயிரோடு இராது. ஈரம் பட்டால் அதற்கும் முன்பே செத்துவிடும். ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடியில் வறுத்து ஆறவைத்த அரிசியை அடியில் போட்டு, மேலே விதைப் பொட்டலத்தை வைத்து, மூடியைத் துணியால் இறுகக் கட்டியிருக்கிறேன். வரும் பட்டத்தில் நாற்றுவிட விரும்பும் தோழர், தோழியர் ஆளுக்கு ஐம்பது விதை வாங்கிக்கொள்ளலாம். பழைய தபால் உறை ஒன்று கொண்டுவாருங்கள். அதன்மேல் ஊர், தெரு, ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதினால் ஈரத்தில் கரைந்துவிடும்.