பழைய புத்தகக் கடை

புதிய புத்தகசாலைக்குச் செல்பவர் தமக்கு வேண்டிய நூலைக் கேட்டு வாங்குகிறார். பழைய புத்தகக் கடைக்குச் செல்பவரோ, தமக்கு வேண்டியது எது என்பதை அங்கே சென்ற பின்னரே அறிகிறார். கொழும்பு மருதானையில், டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தை ஓரத்துச் சிறு கடைகளில் இவ்வின்பத்தை நான் பலமுறை நுகர்ந்ததுண்டு. சோதிட நூலின்மேல் இரசாயனம் இருக்கும், அதன்மேல் சமையற்கலை, எல்லாவற்றிற்கும் அடியில் அட்டையிழந்த ஓர் இலக்கண நூல்!

அண்மையில், யாழ்ப்பாணத்தில் அச்சிடப்பெற்ற பழைய எண்கணித நூலொன்று அங்கே அகப்பட்டது. அதன் ஓரத்திலே மாணவன் ஒருவன் பென்சிலாற் கணக்குச் செய்திருந்தான். விடை பிழை. அதனை வெட்டிவிட்டு, கீழே மீண்டும் செய்து சரியான விடை கண்டிருந்தான். ஆசிரியனாகிய எனக்கு அந்த இரண்டாம் முயற்சிக்காகவே நூலை வாங்கவேண்டும் போலிருந்தது. வாங்கினேன்.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுட் சிலவற்றின் வேறு பிரதிகள் இன்றும் யாரேனும் ஒருவர் வீட்டுப் பெட்டகத்திற் கிடக்கக்கூடும். ஆகவே, பாட்டனார் விட்டுச்சென்ற புத்தகங்களைப் பழைய கடதாசியென்று நிறுத்து விற்குமுன், ஒவ்வொன்றையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். நமக்கு வேண்டாதவையாயின் பழைய புத்தகக் கடைக்குக் கொடுத்துவிடலாம். அங்கே அவற்றைத் தேடி ஒருவர் வருவார்.