டிரயல்ஸில் ஜெயிச்சா டீம்ல இடம் கிடைச்சிருமா?

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் டேனரியில் வேலை பார்க்கிறவர் யாராவது உங்க வீட்டில் இருந்தால், 'செலக்‌ஷன்'னா என்னன்னு அவரிடம் கேட்டுப் பாருங்க. பதனிட்ட தோலை மேஜையில் விரித்து கீறல், தழும்பு, உண்ணி கடித்த தடம் எல்லாம் பார்த்து, இது முதல் செலக்‌ஷன், இது மூணாவது என்று பிரிப்பார்கள். விற்கிறவர் ஒரு ரகம் என்பார். வாங்க வந்தவர் 'ஒரு படி கீழ போடுங்க' என்பார். தோல் அதேதான், பார்க்கிற கண்தான் வேற. விலையும் அதுக்கேத்த மாதிரி மாறும்.

விளையாட்டில் டீம் செலக்‌ஷனும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

கடிகாரம் வைத்து அளக்கிற போட்டியில் இந்தத் தகராறு கொஞ்சம் கம்மி. 2025 செப்டம்பரில் நம்ம ஆனந்த்குமார் வேல்குமார், சீனாவில் நடந்த ரோலர் ஸ்பீடு ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் தங்கம் வாங்கினார். கோட்டை முதலில் தாண்டினார், கதை முடிந்தது. ஆனால் ஐஸ் மேல் ஆடுகிற ஃபிகர் ஸ்கேட்டிங் அப்படி இல்லை. அங்கே நடுவர்கள் பார்த்து மார்க் போடணும். அந்த மார்க்கைத் தாண்டியும் ஒரு அறைக்குள் சிலர் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்.

2014 ஜனவரியில் அமெரிக்காவின் தேசிய சாம்பியன்ஷிப் பாஸ்டனில் நடந்தது. சோச்சி ஒலிம்பிக்குக்குப் பெண்கள் பிரிவில் மூன்று இடங்கள். மிராய் நாகாசு மூன்றாவதாக வந்தார். ஆஷ்லி வாக்னர் நான்காவது. டீமில் போனது வாக்னர்! 'ஒரு நாள் ஆட்டத்தை மட்டும் பார்க்க மாட்டோம், கடந்த ஒரு வருட சாதனைகளையும் பார்ப்போம்' என்பது சங்கத்தின் வாதம். ஒலிம்பிக் விளம்பரங்களில் வாக்னர் ஏற்கெனவே தெரிந்த முகம் என்பதால், அதுவும் பேச்சானது.

அந்த சோச்சியில்தான் ஃபிகர் ஸ்கேட்டிங் டீம் போட்டி முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தது. ஆண், பெண், ஜோடி, ஐஸ் டான்ஸ் என நாலு பிரிவு. முதல் சுற்றில் ஒருத்தர் ஆடி, அடுத்த சுற்றில் வேற ஒருத்தரை இறக்கலாம். அதுவும் இரண்டு பிரிவுகளில் மட்டும்தான் மாத்த முடியும். ஆக, டீமுக்குள் போன பிறகும் யார் எந்தச் சுற்றில் ஆடுவது என்று இன்னொரு செலக்‌ஷன் காத்திருக்கு. அமெரிக்காவுக்கு அங்கே வெண்கலம் கிடைத்தது, முதல் சுற்றில் ஆடியவர் வாக்னர். அப்போ சங்கம் எடுத்த முடிவு சரியா? சரின்னும் சொல்லலாம். ஆனா நாலு வருஷம் கழித்து 2018 ஒலிம்பிக் டீம் போட்டியில் அதே நாகாசு இறங்கி, ஒலிம்பிக்கில் டிரிபிள் ஆக்ஸல் குதித்த முதல் அமெரிக்கப் பெண்ணானார். அந்த முறையும் அமெரிக்காவுக்கு வெண்கலம்.

ஐஸ் எல்லாம் நமக்குத் தூரம்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நம்ம நாட்டில் 2023 ஜூலை மாசம் மட்டும் என்ன நடந்ததுன்னு பாருங்க.

ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் டிரயல்ஸில் தீபா கர்மாகர் முதலிடம் வந்தார். ஜிம்னாஸ்டிக்ஸும் நடுவர் மார்க் போடுகிற விளையாட்டுதான். ஆனாலும் அவரை அனுப்பவில்லை. முந்தைய ஆசிய விளையாட்டில் எட்டாவது இடம் பிடித்தவருக்குக் குறையாத ஆட்டத்தைக் கடந்த 12 மாதத்தில் காட்டியிருக்கணும் என்பது அரசின் விதி. ஊக்கமருந்து விவகாரத்தில் தீபாவுக்கு விழுந்த 21 மாதத் தடை முடிந்ததே அந்த ஜூலையில்தான். போட்டியிலேயே இறங்க முடியாதவர் எங்கே போய்க் காட்டுவார்? தடை அவருடைய தப்பால் வந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தண்டனை முடிந்துவிட்டதே! பிறகு 2024 மே மாதம் தாஷ்கண்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் வால்ட் தங்கம் வாங்கினார். அந்தப் போட்டியில் எந்த இந்தியரும் அதுக்கு முன்னால் தங்கம் வாங்கியதில்லை.

அதே மாதம், அதே ஆசிய விளையாட்டு. மல்யுத்தத்தில் வினேஷ் போகத்துக்கும் பஜ்ரங் புனியாவுக்கும் டிரயல்ஸ் இல்லாமலே நேரடி இடம் கிடைத்தது. மாதக்கணக்கில் போராட்டக் களத்தில் இருந்தவர்கள், பயிற்சிக்கு நேரமில்லை என்ற நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கலை. ஆனால் 53 கிலோ பிரிவில் டிரயல்ஸ் ஜெயித்த அந்திம் பங்காலுக்கு என்ன பதில்? டெல்லி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடி. பிறகு காயத்தால் வினேஷ் விலக, அந்திம் போய் வெண்கலத்தோடு திரும்பினார். பஜ்ரங்குக்குப் பதக்கம் இல்லை.

ஒரே மாதத்தில் டிரயல்ஸில் முதலிடம் வந்தவர் வீட்டில், டிரயல்ஸுக்கே வராதவர்கள் டீமில். விதியைத் தளர்த்தியதுகூடத் தப்பில்லை. ஒருத்தருக்குத் தளர்த்தி இன்னொருத்தருக்கு ஏன் இறுக்கினாங்க என்பதுதான் கேள்வி.

டேபிள் டென்னிஸில் இந்த 'கண்'ணுக்கு மார்க்கே உண்டு. 2022 காமன்வெல்த் போட்டிக்கான தேர்வு விதியில் 20 சதவீதம் தேர்வாளர்களின் விருப்பத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. முதல் பட்டியலில் அர்ச்சனா காமத் இருந்தார். மணிகா பத்ராவோடு இரட்டையர் ஆட்டத்தில் நல்ல ரேங்கிங் வைத்திருந்தார் என்பது காரணம். தியா சித்தலே நீதிமன்றம் போன பிறகு பட்டியல் மாறியது. தியா உள்ளே, அர்ச்சனா வெளியே! இப்போது அர்ச்சனா நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு போன பெண்கள் அணி காலிறுதியில் மலேசியாவிடம் தோற்றது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காட்சி தலைகீழ். அந்த பிப்ரவரியில்தான் உலகின் நம்பர் 1 வீராங்கனை சுன் யிங்ஷாவைத் தோற்கடித்திருந்த அய்ஹிகா முகர்ஜி ரிசர்வ். தரவரிசைப்படி அர்ச்சனா உள்ளே. காலிறுதியில் ஜெர்மனியிடம் இந்தியா 1-3 என்று தோற்றபோது, அந்த ஒரே வெற்றியைக் கொண்டுவந்தவர் அர்ச்சனா. அய்ஹிகா ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாராலும் சொல்ல முடியாது. செலக்‌ஷன் பண்றவங்களுக்கு இது ஒரு வசதி. எடுத்தவரின் ஆட்டம்தான் கண்ணுக்குத் தெரியும், விட்டவரின் ஆட்டம் தெரியவே தெரியாது.

திரைக்குப் பின்னால் அரசியல்னு சொன்னா நாம பெட்டியில் பணம் கைமாறுவதைத்தான் நினைக்கிறோம். பெரும்பாலும் அவ்வளவு சினிமாத்தனமா நடக்காது. டிரயல்ஸ் தேதி, பழைய ஆட்டத்துக்கும் டிரயல்ஸுக்கும் எவ்வளவு எடை, யாருக்கு விலக்கு என்பதை எல்லாம் எப்போது முடிவு பண்றாங்க என்பதில்தான் விளையாட்டே இருக்கு. முன்னாடியே முடிவு பண்ணினா அது விதி. பெயர்கள் தெரிந்த பிறகு முடிவு பண்ணினா அதுக்கு வேற பெயர்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. விளையாட்டு வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயம், சங்க நிர்வாகக் குழுக்களில் விளையாட்டு வீரர்களுக்கு இடம் என்றெல்லாம் அதில் இருக்கு. நல்லதுதான். ஆனால் தீர்ப்பாயம் என்பது சண்டை வந்த பிறகு போகிற இடம். போட்டி அடுத்த வாரம்னா அங்கே போய் வர நேரம் இருக்கணுமே!

நம்ம பக்கம் நிலைமை இன்னும் அடிப்படையானது. 2023-ல் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டு மாணவர்கள் போகவே முடியாமல் போனது. தகவல் உரிய நேரத்தில் கீழே வந்து சேரலை. அமைச்சர் அன்பில் மகேஷ் விளக்கம் சொல்ல வேண்டியதாச்சு.

அதனால், திருப்பத்தூரில் நடக்கிற ஒரு மாவட்ட டிரயல்ஸுக்கு நீங்களோ உங்க தங்கச்சியோ ஷூ கட்டிக்கிட்டுக் கிளம்பினா, களத்தில் இறங்கும் முன்னாடி கோச்கிட்ட சிலதைக் கேட்டுக்குங்க. இன்னைக்கு ஆட்டத்துக்கு எவ்வளவு மார்க், பழைய சர்டிஃபிகேட்டுக்கு எவ்வளவு? நேரடியா இடம் வாங்கினவங்க யாராவது இருக்காங்களா? முடிவு பண்றவங்க யார், அவங்க சொந்த அகாடமிப் பிள்ளைங்க இதில் ஆடுறாங்களா? பதில் வாயால வந்தா, 'சார், வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டுடுங்களேன்'னு மரியாதையாக் கேளுங்க.