கையெழுத்தோடு நின்றுவிடலாமா?

கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போடத் தொடங்கினார். நாடு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். 1991-ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, கல்லுடைக்கும் பெண்களும் நாற்று நடும் பெண்களும் பலகை பிடித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். அந்தக் காட்சியை மறந்தவர் யார்?

ஆனால் நாம் கேட்கிறோம்: எழுத்தறிந்த அந்தக் கை அதன் பிறகு எதை எழுதிற்று? கூலிப் பட்டியலில் ஒரு கையொப்பம். வங்கிச் சீட்டில் ஒரு கையொப்பம். தன் வாழ்வை எழுத அந்தக் கைக்குத் தாள் கொடுத்தவர் எத்தனை பேர்? எழுதியதை அச்சேற்ற முன்வந்தவர் எத்தனை பேர்?

“அவர்களுக்கு எழுத வராது” என்பார் சிலர். வரலாறு அவர்களுக்குப் பதில் சொல்லட்டும். 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ஓர் ஏடு தொடங்கினார். எந்தப் பெயரால் ஊரார் இழித்துரைத்தார்களோ, அந்தப் ‘பறையன்’ என்ற பெயரையே அதற்குச் சூட்டினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டைத் தொடங்கினார். மறு ஆண்டே அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914-ல் கண் மூடும் வரை அவர் அதை நடத்தினார். பிறர் ஏட்டில் இடம் கிடைக்குமென்று இவர்கள் காத்திருக்கவில்லை. தம் ஏட்டைத் தாமே கண்டார்கள்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1992-ல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. சேரி மக்கள் பேசும் பேச்சிலேயே எழுதிய அந்நூலை வெளியிட்டது பெரும் பதிப்பகமல்ல; மதுரையின் சமூக மையம் ஒன்று. அதே நூல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 2000-ல் கிராஸ்வேர்ட் விருது பெற்றது. அந்தச் சிறிய மையம் அன்று துணிந்திராவிட்டால்?

வங்கத்திலிருந்தும் ஒரு பாடம் உண்டு. அங்கே தம் தந்தையார் நடத்தி வந்த ‘வர்த்திகா’ என்னும் சிற்றேட்டை 1980-ல் மகாசுவேதா தேவி ஏற்றார். பேர்பெற்ற எழுத்தாளர்களின் வாசலில் அவர் காத்து நிற்கவில்லை. உழவரையும் பழங்குடி மக்களையும் ஆலைத் தொழிலாளரையும் எழுத அழைத்தார். ஒரு நாள் அவர் ஏறிய ரிக்‌ஷாவை இழுத்தவர், தாம் படித்த நூலொன்றில் கண்ட அருஞ்சொல்லுக்குப் பொருள் கேட்டார். சிறையில் எழுத்துக் கற்றவர் அவர். மனோரஞ்சன் பியாபாரி என்று பெயர். “நீங்களே எழுதுங்கள்” என்றார் அம்மையார். 1981-ல் அவருடைய முதல் எழுத்து ‘வர்த்திகா’வில் அச்சாயிற்று. பிறகு நூல்கள் பல எழுதினார். 2021-ல் மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒரு கேள்வி, ஓர் அழைப்பு, சில பக்கம் காகிதம் – மாற்றத்துக்கு வேண்டியிருந்தது இவ்வளவே! ஆற்றல் அவரிடமே இருந்தது. அழைக்கத்தான் ஆள் இல்லாதிருந்தது.

“எல்லோரும் எழுதப் புகுந்தால் இலக்கியத்தின் தரம் என்னாவது?” என்று கவலைப்படும் கனவான்களும் உண்டு. அறுவடைப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் ஆக்கியவர் எந்தக் கல்லூரியில் தேறினார்? தரம் எழுத எழுத வரும். எழுத விடாமல் வராது. பயிற்சிப் பட்டறை நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு சொல்: கேளுங்கள், வழிகாட்டுங்கள், ஆனால் திருத்துகிறோம் என்ற பெயரில் அவர்கள் வாய்மொழியை வழித்தெறிந்துவிடாதீர்கள்.

சிறு பதிப்பாளரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் அச்சிடுவது சில நூறு படிகள். காகிதத்துக்கும் கட்டுக்கும் இன்றே பணம் வேண்டும். விற்ற காசு வந்து சேர மாதங்கள் ஆகும். ஒரு நூல் தேங்கினால் அடுத்த நூல் பிறப்பதில்லை. அங்கே அடைபடுவது ஒரு கடையல்ல, ஒரு குரல்!

சென்னை மாகாணம் 1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதல். குடிசைக்காரரும் கடைக்காரரும் செலுத்தும் வீட்டு வரியோடு சேர்ந்துதான் நூலக வரி வசூலாகிறது. வரி கொடுப்பவரின் வாழ்வு அந்த அலமாரியில் இருக்க வேண்டாமா?

ஆகவே நாம் வலியுறுத்துவது இது. நூலகத்துக்கு நூல் வாங்கும்போது, உழைப்பவரும் ஒடுக்கப்பட்டோரும் எழுதிய முதல் நூல்களுக்கும் அவற்றை வெளியிடும் சிறு பதிப்பாளர்க்கும் உரிய பங்கு ஒதுக்குக! கிளை நூலகங்களில் வாரம் ஒரு மாலை எழுத்துக்கூடத்துக்கு இடம் தருக! எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள இளைஞர் ஒருவர் அருகில் அமர்க!

அரசிடம் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஏடு படித்து, படிப்பகம் கண்டு வளர்ந்த மக்கள் நாம். மாநாட்டு வளைவுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை மிச்சம் பிடித்தால், ஊருக்கு ஒரு சிறு நூல் அச்சாகும். வளைவு மறுநாள் பிரிக்கப்படும். நூல் பேரன் கையிலும் இருக்கும். தோழர்கள் சிந்திக்க வேண்டும்.

கையெழுத்துக் கற்றவர் இனித் தம் தலையெழுத்தையும் தாமே எழுதட்டும். படிப்பகம் கண்ட ஊர்தோறும் எழுத்தகமும் எழட்டும்!