திரும்பி வரும் மெட்டு

தொடர்படங்களின் இரண்டாம், மூன்றாம் பாகங்களுக்கு இசையமைப்பவர் பழைய மெட்டுகளையே திருப்பிப் போட்டுக் கூலி பெறுகிறார் என்றோர் இளக்காரமான எண்ணம் நெடுநாளாக உண்டு. ஒஸ்கார் விருதுகளை வழங்கும் அக்கடமி 2020 இல் அதற்கு விதியின் உருவமே கொடுத்துவிட்டது. தொடர்படமொன்றின் இசை போட்டிக்கு வரவேண்டுமாயின் அதில் 80 வீதம் புதிய இசையாக இருத்தல் வேண்டும் என்றது அவ்விதி. வீதக்கணக்குப் பார்ப்பதற்கு இசை என்ன தண்ணீர் கலந்த பாலா?

ஹொவாட் ஷோர் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' படங்களுக்கு அமைத்த இசையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கனடாவில் பிறந்த ஷோர், 2001, 2002, 2003 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று படங்களையும் ஒரே நெடும் படைப்பாகக் கொண்டு எழுதினார். பெரும்பகுதியை வாசித்தது லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு.

முதற் படத்தில், எல்ரொண்டின் அவையிலே போரோமிர் தன் நாட்டின் பெருமையைப் பேசுகிறான். பின்னணியில் தனியொரு ஹோர்ன் ஒரு மெட்டை மெல்ல வாசித்து ஓய்ந்துவிடுகிறது. கொண்டோர் நாட்டின் மெட்டு அது. நாட்டை நாம் இன்னும் சரிவரக் கண்டதுகூட இல்லை. மூன்றாம் படத்தில், வெண்குதிரையிலே கண்டால்ஃப் மினாஸ் டிரித் நகரின் வீதிகளில் மேலேறிச் செல்லும்போது அதே மெட்டை முழு இசைக்குழுவும் எடுத்து முழங்குகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காதில் விழுந்தது அப்போதுதான் பொருள் கொள்கிறது. இதைப் பழைய சரக்கு என்று தள்ளுபவர் கதையின் முடிவையும் முன்னரே சொல்லப்பட்டது என்று தள்ளலாமே!

முதற் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் ஷோருக்கு ஒஸ்கார் கிட்டியது. இரண்டாம் படம் பரிந்துரைப் பட்டியலிலும் இல்லை. இத்தனைக்கும் ரோஹன் குதிரை வீரர்களுக்கென நோர்வேயின் ஹார்டாங்கர் ஃபிடிலில் ஒலிக்கும் அந்த உலர்ந்த, காற்றடிக்கும் மெட்டு அதிலேதான் பிறந்தது. (வாசிக்கும் தந்திகளுக்கு அடியில் தாமாகவே அதிரும் தந்திகளும் உள்ள வாத்தியம் அது, அந்த ஒலியின் ஏக்கத்துக்குக் காரணமும் அதுவே.) அவ்வாண்டு விருது 'ஃப்ரிடா'வுக்குச் சென்றது. நல்ல இசைதான், குறை சொல்வதற்கில்லை.

வாக்னரின் 'நிபெலுங்கின் மோதிரம்' 1876 இல் பைரொய்த் நகரில் நான்கு இசை நாடகங்களாக முழுமையாக அரங்கேறியது. முதல் நாடகத்தின் மெட்டுகள் நான்காவதில் அலையலையாகத் திரும்பி வருகின்றன. 80 வீத விதியின்படி அந்த நான்காவது நாடகம் போட்டிக்குத் தகுதி பெறுமா என்பது ஐயமே.