ஆழம் தெரிந்து காலை விடுவோம்!



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது ஆற்றுக்கும் குளத்துக்கும் மட்டும்தானா? மெட்டல் டிடெக்டருக்கும் அது அப்படியே பொருந்தும் என்பது என் கட்சி.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் டிரெயினுக்குக் காத்திருக்கும்போது நம்ம பசங்க பேச்சில் இப்போதெல்லாம் அடிக்கடி அடிபடுவது இந்தப் பொருள்தான். "நாலு பேர் சேர்ந்து போட்டா ஒண்ணு வாங்கிடலாம்டா. செகண்ட் ஹேண்ட்தான், ஆனா பத்தடி ஆழம் பிடிக்குமாம்!" ஆளுக்கு மூவாயிரம் என்றாலும் அது அப்பாவின் ஓவர்டைம் காசு. அந்தக் காசு மண்ணுக்குள் போவதற்கு முன் மின்னணுவியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பத்தடிக் கதை. டிடெக்டரின் காயிலில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் மறு புலத்தை இன்னொரு காயில் உணர்கிறது. இரண்டாம் வருடப் பாடம்தான். ஆனால் காயிலின் அளவைத் தாண்டிய தூரத்தில், சின்னப் பொருளிலிருந்து திரும்பும் சிக்னல் ஏறத்தாழ தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைந்துவிடும். ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-ல் ஒரு பங்கு! ஆரம்ப நிலை மாடல் ஒரு நாணயத்தை ஒரு சாண் ஆழத்தில் பிடித்தாலே நல்ல மெஷின். பத்தடியில் மோதிரம் பிடிக்கும் என்று சொல்பவர் மெஷினை விற்கவில்லை, ஆசையை விற்கிறார்.

ஆசையை விற்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஏடிஇ 651 என்ற கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக்குக்கு விற்றார்கள். உள்ளே வேலை செய்யும் சர்க்யூட் எதுவுமே இல்லை. ஒரு கைப்பிடியும் ஆடும் ஆன்டெனாவும்தான். அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் லண்டன் நீதிமன்றம் பத்து வருட சிறைத்தண்டனை விதித்தது. நம் ஊர்ப்பக்கம் இரிடியம், அரிசி இழுக்கும் கலசம் என்று சொல்லி நடந்த மோசடிகளும் இதே ரகம்தான். ஆகவே "தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும்" என்று யாராவது இரண்டு கம்பியை நீட்டினால், கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ் பிடியுங்கள்.

சரி, உண்மையான மெஷின்களுக்கு வருவோம். பழைய மார்க்கெட்டில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, தியேட்டர் வாசலில் காவலர் கையில் இருக்கும் மட்டை. மலிவுதான், ஆனால் அது பாக்கெட்டைச் சோதிக்கப் பிறந்தது, மண்ணைச் சோதிக்க அல்ல. இரண்டாவது, பெயர் தெரியாத மலிவு மாடல்கள். மூன்றாவது, காரெட் ஏஸ் 150, ஏஸ் 250 போன்ற பெயருள்ள பழைய மாடல்கள். இந்த இரண்டுமே 6.5 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்பவை. 250-இல் பொருள் இருக்கும் புள்ளியைச் சரியாகக் காட்டும் வசதி உண்டு; 150-இல் அது கிடையாது. ஒரு சாண் குழிக்கும் ஒரு முழக் குழிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு பட்டன்தான். விலையில் கொஞ்சம் கூட என்றாலும் அதற்குக் கொடுக்கலாம்.

ஆனால் திரையில் தெரியும் படங்களை நம்பி ஏமாற வேண்டாம். அமெரிக்காவுக்கென்று செய்த மாடலில் அந்த ஊர் சென்ட் காசுகளுக்குத்தான் அளவுகோல். நம்ம ஒரு ரூபாய் நாணயம் 1992 முதல் காந்தம் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகில் வருகிறது. மெஷின் அதை இரும்புக் குப்பை என்று ஒதுக்கிவிடக்கூடும். சின்னத் தங்க மோதிரமும் சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாளும் பல நேரம் ஒரே இடத்தில் காட்டும். "குப்பையை ஒதுக்கு" என்று திருகினால் மோதிரமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது மண். நம் வட்டாரத்துச் செம்மண்ணிலும் சரளையிலும் இரும்புத் தாது கலந்திருக்கிறது. மண்ணே ஒரு சிக்னல் கொடுக்கும். அதைச் சமன் செய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் என்ற அமைப்பு மலிவு மாடல்களில் கம்பெனியில் வைத்த அளவோடு நின்றுவிடும், நாம் மாற்ற முடியாது. கோவளம் கடற்கரையின் ஈர மணலில் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அலைவரிசை மெஷின் சும்மா சும்மா கத்தும். ஆகவே ரிச்சி தெருக் கடை மேசையில் நன்றாக வேலை செய்தது என்பது பாதிச் சோதனைதான். "அண்ணே, அஞ்சு நிமிஷம் வெளியே மண்ணுல வச்சுப் பாக்கலாமா?" என்று தைரியமாகக் கேளுங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

போகும்போது பையில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம், ஓர் ஆணி, ஒரு துண்டு அலுமினியத் தாள், ஒரு ஸ்கேல், புது பேட்டரி ஆகியவை இருக்கட்டும். காயிலோடு ஒயர் சேரும் இடத்தை மெதுவாக ஆட்டுங்கள். உலோகமே இல்லாமல் கத்தினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. காயிலில் விரிசல் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கும். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, திருகுகளில் சேறு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த நம் புறநகரில் வெள்ளத்தில் குளித்த மின்சாதனங்களுக்குப் பஞ்சமில்லை. ஏஸ் 250-இல் காயில் தண்ணீரைத் தாங்கும்; மேலே உள்ள பெட்டி தாங்காது.

இத்தனையும் பார்த்து வாங்கியாயிற்று. எதற்கு? இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. புதையலுக்கு என்றால், வேண்டவே வேண்டாம்.

நம் பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த பொருள்தான் இந்தியத் தொல்லியலின் போக்கையே மாற்றியது. அது என்ன? ஒரு கற்கோடரி! அதன் மேல் எந்த மெட்டல் டிடெக்டரை ஆட்டினாலும் சத்தம் வராது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்த இரும்பைத்தான் நம் மெஷின் 'குப்பை' என்று ஒதுக்கச் சொல்லித் தருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பல ஊர்களில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அங்கே உரிமம் இல்லாமல் தோண்டுவது 1958-ஆம் வருடத்துச் சட்டப்படி குற்றம். வேறு எங்கே புதையல் கிடைத்தாலும், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள், எந்த மட்டத்தில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பொருள் கிடந்தது என்பதுதான் வரலாறு. மண்வெட்டியால் பிடுங்கிவிட்டால் அது வெறும் துருப்பிடித்த துண்டு.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம், ஆனால் சேர்ந்து வாங்கலாம். நம் மாணவர் சங்கம் ஒரு நல்ல பழைய மெஷினை வாங்கி ஆய்வுக்கூடத்தில் வைக்கட்டும். ரோடு போடும்போது தாருக்கடியில் மறைந்துபோன குடிநீர் வால்வு மூடியைப் பஞ்சாயத்துக்குத் தேடிக் கொடுக்கலாம். வைக்கோல் போரில் தாலிக் குண்டைத் தொலைத்துவிட்டு அழும் அக்காவுக்கு உதவலாம். பக்கத்திலேயே நாமே சுற்றிய காயிலை வைத்து, இரண்டில் எது எத்தனை சென்டிமீட்டர் பிடிக்கிறது என்று வரைபடம் போடலாம். பிராஜெக்டும் ஆயிற்று.

நாலு பேர் ரகசியமாக வாங்கினால் நாலாம் மாதம் பரணில் கிடக்கப்போகும் பொருள் அது. நானூறு பேர் வெளிப்படையாக வாங்கினால் வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். ஆதரவு தாருங்கள் தோழர்களே!