வெட்ட முன்னம் ஆர் அளந்தது?

"ஏனம்மா, இவ்வளவு நாளும் விட்டனீங்கள்?"

கண் டொக்டர் கேட்டார். நல்ல மனிசன், குரலில் கோபம்கூட இல்லை. என் வலக்கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, அறுந்த கறுப்பு நூல் தண்ணீருக்குள் மிதக்கிற மாதிரி ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப்போட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டே கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தி, தையல் மெசினடியில் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

நான் விட்டேனா?

நாலு வருசமாக இதை வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம். உடம்பு பெருத்தவள் தனக்கு வருத்தம் என்று வாய் திறந்தால், கேட்கிறவரின் கண் முதலில் அவளுடைய வயிற்றுக்குத்தான் போகும். திண்டது நீதானே என்று ஆரும் வாயால் சொல்லத் தேவையில்லை. அந்தப் பார்வைக்குப் பயந்து மூடியிருந்த வாய் இது. கண் போன பிறகு இன்னும் என்னத்துக்கு மூட?

நான் மானிப்பாய்ப் பக்கம். சேலைச் சட்டை தைக்கிறவள். தையும் ஆவணியும் வந்தால் இரவிரவாகக் கலியாணச் சட்டை தைப்பேன். கொக்கி கட்டுகிறதும் மணி கோர்க்கிறதும் என் கைதான். இப்போது ஊசியில் நூல் கோர்க்க மகளைக் கூப்பிடுகிறேன். சிவப்புத் துணிக்கு மண்ணிற நூல் போட்டுத் தைத்து, ஒரு பிள்ளையின் பூப்புனித நீராட்டுச் சட்டையைப் பழுதாக்கினேன். அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அவள் வரவில்லை.

2021 பங்குனியில் என் நிறை 96 கிலோ, உயரம் 157 சென்ரிமீற்றர். சலரோகம் வந்து எட்டு வருசம். பிரசர். இரவில் மூச்சு நின்று நின்று வருகிற குறட்டை. பக்கத்தில் படுத்திருக்கிற மனிசன் பயந்து தட்டி எழுப்புவார். படுத்தால் நெஞ்செரிவு. கிளினிக்கில் துணிந்து கேட்டேன், ஒப்பரேசன் செய்து குறைக்கலாமாமே என்று. டொக்டர் கல்குலேற்றரைத் தட்டினார். உடற்திணிவுச் சுட்டெண் 39.

"நாப்பது ஆகேல்லையே. நாப்பது வந்தால் யோசிப்பம். இப்ப வாயைக் கட்டுங்கோ."

அப்படியென்றால் இன்னும் மூன்று கிலோ ஏற்றிக்கொண்டு வரட்டோ, ஐயா? இதை அன்று கேட்கவில்லை. பின்னால் வரிசையில் அறுபது பேர் நின்றார்கள்.

வாயைக் கட்டு. எனக்கு! 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, சண்டையால் வலிகாமமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டபோது எனக்குப் பதினாறு வயது. குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணி சேர்த்துக் குடித்தோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஒரு நேரக் கஞ்சியை ஆறு பேர் பங்கிட்டோம். பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த பெட்டைக்கு வாயைக் கட்டுவது எப்படி என்று படிப்பிக்கிறீர்களா? எத்தனை வருசம் கட்டினேன் தெரியுமா? புட்டை விட்டேன். இடியப்பத்தை மூன்றாகக் குறைத்தேன். விரதம் பிடிக்கிறேன் என்று பொய் சொல்லிக் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்து எழும்பினேன். ஒன்பது கிலோ இறங்கியது. ஒரு வருசத்தில் பதினொரு கிலோ ஏறியது. பசித்த உடம்பு இறங்கின நிறையைத் திரும்பப் பிடிக்கப் போராடும், பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும், அது இயற்கை என்று இப்போது வாசிக்கிறேன். அன்று அந்தப் பதினொரு கிலோவும் என் கள்ளத்தனம் என்றே நம்பினேன். அப்படி நம்ப வைத்தது ஆர்?

2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசை. மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கோ என்று துண்டு எழுதித் தந்த காலம். அந்த வருசம் முழுக்க ஒருவரும் என்னைப் பற்றி யோசிக்கவில்லை, நான் உட்பட.

அடுத்த வருசம் ரொறன்ரோ மச்சாள் காசு அனுப்பினாள். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவி, சனலிங்கில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்த்தோம். இரண்டரை மணித்தியாலம் காத்திருப்பு, ஏழு நிமிசக் கதை. "ஸ்லீவ் செய்வம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்லீவ் என்றால் எங்களுக்குச் சட்டைக்கை. முழங்கை வரைக்கும் வைக்கிறதோ, குட்டையாக வைக்கிறதோ என்று நாள் முழுக்கக் கேட்கிற சொல். அவர் கடுதாசியில் ஒரு படம் கீறி, "இதை எடுத்திடுவம்" என்று கோடு போட்டார். எடுக்கிறது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் என்றும், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்றும் அறிந்தது வீட்டுக்கு வந்த பிறகு. சொல்லியிருப்பார், நான் கவனிக்கவில்லை என்கிறீர்களா? ஒரு சட்டை வெட்ட முன்னம் நான் ஒரு பெண்ணிடம் எத்தனை கேள்வி கேட்பேன்! இருந்து காட்டு, கையைத் தூக்கிக் காட்டு, பிள்ளைக்குப் பால் குடுக்கிறியோ, வாற வருசம் பெருப்பாயோ, உள்மடிப்பு எவ்வளவு விட? ஐந்நூறு ரூபாய்த் துணிக்கே இவ்வளவு. தையலைப் பிரிக்கலாம், வெட்டினதைப் பிரிக்க ஏலாது என்று பழகவந்த பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக் குடுக்கிறோம்.

அவர் என் நெஞ்செரிவைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து இன்னொருவர். கொப்பியைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஸ்லீவோ? உங்களுக்கு நெஞ்செரிவு இருக்கே, அது கூடிப்போகும். சலரோகமும் இருக்கு. பைபாஸ்தான் சரி. ஆர் உங்களுக்கு இதைச் சொன்னது?" பெயரைச் சொன்னேன். "அவரிட்டப் போனால் அவர் அப்பிடித்தான் சொல்லுவார்." இதுவும் ஒரு பதிலாம். பைபாஸ் என்றால் இரைப்பையில் முட்டையை விடச் சின்னதாய் ஒரு பை மட்டும் விட்டு, குடலை அதில் கொண்டுவந்து தொடுப்பது. சாகும்வரை இரும்பு, கல்சியம், பி12 எடுக்க வேண்டும். சாகும்வரை! தரமில்லாத இமியூனோகுளோபியூலின் வாங்கிய விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானாரே, அந்த நாட்டில் இருந்துகொண்டு சாகும்வரை குளிசைக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். "அது உங்கட பிரச்சினை அம்மா. முடிவு உங்கட கையிலதான்."

முடிவு உங்கட கையிலதான். கிளினிக் டொக்டரிடம் இரண்டு துண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். "எனக்கெண்டால் விருப்பமில்லை. ஆனால் முடிவு உங்கட கையில." ஓஎல் படித்த ஒரு தையற்காரியின் கையில். மூன்று நிபுணர்கள் ஒரு தொலைபேசி எடுத்துத் தீர்த்திருக்கக்கூடியதை, பிளாஸ்ரிக் பையில் கொப்பியைச் சுமந்துகொண்டு நான் ஊர் ஊராகத் தூக்கித் திரிந்தேன். ஒருவர் மற்றவருக்கு ஒரு வரி எழுதினாரா? ஒரு கோல் எடுத்தாரா? பகலில் ஒரே கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கிறவர்களும் பின்னேரம் சனலிங்கில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல் ஆகிவிடுகிறீர்களே, ஏன்?

லண்டன் அண்ணர், உடம்பு குறைக்க ஊசி வந்திருக்கு, கிழமைக்கு ஒன்று போட்டால் காணும் என்றார். விலையைக் கேட்ட பிறகு அந்தக் கதையை விட்டோம். கடைசியில் சென்னையில் ஒப்பரேசன் என்று முடிவாயிற்று. பாஸ்போட் எடுத்தேன். சங்கிலியை ஈடு வைத்தேன். 2024 ஏப்ரல் கடைசியில் மகள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். புதுச்சேரிப் பெடியன், 26 வயது, 150 கிலோவுக்கு மேல். உடல் குறைக்கச் சென்னை பம்மலில் ஒரு மருத்துவமனைக்குப் போனவன், சத்திரசிகிச்சையில் நிலை மோசமாகி, வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகு இறந்துபோனான். தாய் தகப்பன் கதறினார்கள், அரசாங்கம் விசாரித்தது, அந்த இடத்தின் உரிமத்தை இடைநிறுத்தியது. அன்றிரவு என் மனிசன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "வேண்டாமப்பா. நீ எப்பிடியெண்டாலும் இரு. உயிரோட இருந்தால் காணும்."

காணும் என்று நானும் இருந்தேன். ஆவணியில் கண்ணுக்குள் இரத்தம் வந்தது.

அதற்குப் பிறகுதான் மகள் இரவிரவாக வாசிக்கத் தொடங்கினாள். அவள் படிக்கிறது கணக்கியல், வைத்தியம் இல்லை. வாசித்து வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். அந்த 40 என்ற கணக்கு அமெரிக்காவில் 1991இல் எழுதின விதி. அதே விதியில் அடுத்த வரியே, சலரோகம்போல் வருத்தம் இருந்தால் 35 காணும் என்கிறது. நான் 39. அம்மா, உங்களுக்கு அண்டைக்கே சரி எண்டு இருந்திருக்கு என்றாள். 2022இல் அந்த விதியையும் தளர்த்தி, வருத்தமே இல்லாவிட்டாலும் 35 என்று ஆக்கினார்களாம். ஆசியக்காரருக்கு 27.5இலேயே யோசிக்கலாமாம், எங்களுடைய உடம்பு குறைந்த நிறையிலேயே சலரோகத்துக்குப் போகிறதால். பாதி விதியை எனக்குச் சொல்லி அனுப்பினீர்களே ஐயா, மற்றப் பாதியை ஆருக்கு வைத்திருந்தீர்கள்?

சுவீடனில் 1987இலே தொடங்கி, ஒப்பரேசன் செய்த இரண்டாயிரம் பேரையும் செய்யாத இரண்டாயிரம் பேரையும் வருசக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். செய்தவர்களில் செத்தவர்கள் குறைவு. செய்தவர்களிலும் நிறை கொஞ்சம் திரும்ப ஏறினவர்கள் உண்டு. பெரிய இடங்களில் உயிர்ப்பயம் ஆயிரத்துக்கு ஒன்றளவாம். அந்தப் பெடியனின் தாய்க்கு அந்த ஒன்றுதான் முழுக்கணக்கு. இரண்டு பக்கத்தையும் இப்படி முன்னுக்கு வைத்திருந்தால், நான் அழுதுபோட்டு ஒரு முடிவு எடுத்திருப்பேன். பயத்தை ஒருவர் தந்தார், அவசரத்தை ஒருவர் தந்தார், நக்கலை ஒருவர் தந்தார். கணக்கைத் தந்தது என் பிள்ளை.

இன்னொன்று. சீனி திடீரென்று இறங்கினாலும் பழுதான கண் கொஞ்சக் காலம் இன்னும் பழுதாகக்கூடும், அதனால் ஒப்பரேசனுக்கு முன்னம் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று கண் டொக்டர் சொன்னார். வெட்டச் சொன்னவர்களும் வேண்டாம் என்றவரும் என் வயிற்றுக்கு மேலே ஒருக்கால்கூடப் பார்க்கவில்லை.

சந்தைக்குப் போகிறபோதெல்லாம் கிறீன் நினைவு வைத்தியசாலையைத் தாண்டித்தான் போகிறேன். அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு வருசம் இந்த மானிப்பாய்க்கு வந்திருந்து, தான் தமிழ் படித்து, எங்கள் பெடியன்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். வெட்டுகிற வைத்தியத்துக்கே 'இரண வைத்தியம்' என்று தமிழில் புத்தகம் போட்டவர். அவர் மதம் பரப்ப வந்தவர்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் நூற்றைம்பது வருசத்துக்கு முன்னம் ஒரு வெள்ளைக்காரனுக்கு எங்கள் குடலையும் இரைப்பையையும் எங்கள் பாசையில் சொல்ல முடிந்ததே. இதே மண்ணில் அம்மாவோடு தமிழ் பேசி வளர்ந்த உங்களுக்கு ஏன் முடியாமல் போனது? அம்மா, இது திரும்பாது என்று சொல்ல இரண்டு சொல் காணுமே?

மகளின் கணக்கைக் கேட்ட பிறகு பைபாஸ் சொன்னவரிடம் திரும்பப் போனேன். இப்போது அவர் திகதி தந்திருக்கிறார். கண்ணுக்கு லேசர் மூன்று முறை முடிந்துவிட்டது. சம்மதப் படிவத்தை வீட்டுக்குத் தந்துவிட்டார்கள், நாலு பக்கம், முழுக்க இங்கிலிசு. கடைசிப் பக்கத்தில் எனக்கு எல்லாம் விளங்கப்படுத்தப்பட்டது என்று ஒரு வரி இருக்காம். அதற்குக் கீழே நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். ஆர் விளங்கப்படுத்தினது? எப்போது? எந்த ஏழு நிமிசத்தில்?

கையெழுத்து வைக்கவில்லை. வைப்பேனோ தெரியாது.

நேற்று இரவு என் அளவுக் கொப்பியை எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பெண். பெயர், மார்பு, இடுப்பு, கை, திகதி. புதுப் பக்கம் ஒன்றில் என் பெயரை மகளைக் கொண்டு எழுதுவித்தேன். கீழே நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். என் நெஞ்செரிவை ஏன் ஒருவர் மட்டும் கேட்டீர்கள். 35 என்று ஏன் சொல்லவில்லை. குளிசை கிடைக்காவிட்டால் என்ன நடக்கும். கண்ணை ஏன் பார்க்கவில்லை. என் தொழிலுக்கு நான் திரும்ப எத்தனை மாதம். நான் செத்தால் ஆர் என் மனிசனுக்கு வந்து சொல்லுவது.

பதினேழு கேள்வி வந்தது. மகள் பேனையை மூடிவிட்டுக் கேட்டாள், "அம்மா, மேல ஆற்ற பேரைப் போட?"

"மூண்டு பேரையும் போடு. ஒரே தாளில போடு."